நெறி கட்டினால் ஒளிக்காதீர்கள்



போன மாசி மாதம் முழுக்க சாரைக் காணோமே என்று பலர் கேட்டிருந்தீர்கள். திருப்பூரிலிருந்து ஒருவன் போன் செய்து, "காலை வணக்கம் கூட வரலியே சார், கோவமா?" என்றான். உடம்பு கொஞ்சம் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை இப்போது எழுதுகிறேன். பதிவு நீளமானது. வகுப்பிலும் மணி அடித்த பிறகும் பேசுகிறவன்தான் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுமையாகப் படியுங்கள். யாருக்காவது பயன்படும்.

எனக்கு 2022ல் நாக்கின் இடது ஓரத்தில் புற்றுநோய் வந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆறாத புண் என்று நினைத்து இரண்டு மாதம் தேன் தடவிக்கொண்டிருந்தேன். நம் மலைத் தேன்தான், சுத்தமானது. புண் ஆறவில்லை. சதையைக் கிள்ளி சோதனைக்கு அனுப்பிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஆகஸ்டில் அறுவை சிகிச்சை. நாக்கில் ஒரு பகுதியையும், கழுத்தின் இடது பக்கத்திலிருந்த நெறிகளையும் எடுத்தார்கள். அதன்பின் ஆறு வாரம், மொத்தம் 30 தடவை கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு நம் ஊரில் கரண்ட் வைப்பது என்றுதானே சொல்கிறோம். கார்த்திகையில் எல்லாம் முடிந்தது. வாய் உலர்ந்து, சாமைச் சோற்றைக்கூட ரசம் விட்டுக் கரைத்துக் குடிக்கிற நிலைமை. அதுவும் மெல்ல மெல்லத் தேறியது.

சிகிச்சை முடிந்து ஒன்றேகால் வருஷம் ஆகியிருந்தது. மாசி மாதம் ஒரு நாள் விடியற்காலை முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். வலது தாடைக்குக் கீழே விரலில் ஏதோ தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு இருக்கும். அமுக்கினால் லேசாக நகர்ந்தது. கையில் சவரக்கத்தியோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வீட்டு அம்மா வெளியிலிருந்து "ஏங்க, தண்ணி ஆறிப்போவுது" என்று குரல் கொடுத்த பிறகுதான் அசைந்தேன்.

அன்றிலிருந்து பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நான் யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் கை கழுத்துக்குப் போகும். செய்தித்தாளைப் பிரித்தால் போகும். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் முதல் வேலை அதைத் தொட்டுப் பார்ப்பது. காலையில் சின்னதாகிவிட்டது போலிருக்கும், மத்தியானம் பெரிதாகிவிட்டது போலிருக்கும். கண்ணாடி முன்னால் நின்று இடதையும் வலதையும் ஒப்பிடுவேன். இடது பக்கம் அறுவை செய்த கழுத்து, பலகை மாதிரி கெட்டியாக இருக்கும். வலது பக்கம் சாதாரணக் கழுத்து. இரண்டையும் ஒப்பிட்டு என்ன தெரியும்? ஆனாலும் ஒப்பிட்டேன். போனில் தேடினேன். தேடத்தேட பயம் ஏறியதே தவிர குறையவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். பதினொரு நாள் குருட்டுப் பூனை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை? மறுபடி ஒரு தடவை அந்த வரிசையில் போய் நிற்க வேண்டுமே என்ற பயம். பிள்ளைகள் மறுபடி லீவு போட வேண்டுமே என்ற கூச்சம். எல்லாவற்றுக்கும் மேலே, சொல்லாமல் இருந்தால் அது இல்லை என்பது போல ஒரு நினைப்பு. இது முட்டாள்தனம் என்று அப்போதே தெரியும். தெரிந்தும் செய்தேன்.

பத்தாவது நாள் பல்லும் வலித்தது. வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல். ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போன இடத்தில், கீழே போய் ஒரு பல் டாக்டரிடம் பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று யோசித்தபடி நின்றிருந்தேன். அப்போது என் பழைய மாணவி ஒருத்தி எதிரே வந்தாள். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். இப்போது நர்சாக இருக்கிறாள். பெயரைப் போட்டால் திட்டுவாள், அதனால் போடவில்லை. பேசிக்கொண்டே இருந்தவள், "சார், கையை எடுங்க கொஞ்சம்" என்றாள். அப்போதுதான் தெரிந்தது, பேசும்போதுகூட என் கை கழுத்தில்தான் இருந்தது.

பார்த்தாள். தொட்டாள். "எத்தினி நாளா இருக்குது சார்?" என்றாள்.

"பத்து நாள்."

"எங்க கரண்ட் வச்சீங்களோ அங்க காட்னீங்களா?"

"இல்லம்மா. செக்கப் பங்குனியிலதான். அப்ப காட்டிக்கலாம்னு..."

"செக்கப் தேதி வரைக்கும் காத்திருக்கணும்னு அவங்க சொன்னாங்களா சார்? பல்லையும் பிடுங்கக் கூடாது. தாடையில கரண்ட் வச்ச எடத்துல அவங்களைக் கேக்காம பல்லைப் பிடுங்கினா எலும்பு ஆறாது. நாளைக்கு மொதல் பஸ்ஸுக்குப் போங்க."

ஒரு காலத்தில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்ததற்காக நான் பெஞ்சு மேல் ஏற்றிய பிள்ளை. அன்றைக்கு அவள் என்னை ஏற்றிவிட்டாள். வீட்டுக்கு வந்து வீட்டு அம்மாவிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றார். பத்து நாளாக அவரும் தூங்கவில்லை. நான் ஒளித்தது அவரிடமிருந்து எதையும் காப்பாற்றவில்லை. தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

மறுநாள் விடியலில் போளூர் பஸ்ஸில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போனோம். நடந்ததைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பாடம் நடத்திவிடுகிறேன். பழக்கதோஷம்.

காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டும். நம் ஊரில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். தென்னை மரத்தில் தேள் கொட்ட பனை மரத்தில் நெறி கட்டியதாம் என்று பழமொழியே இருக்கிறது. அந்த நெறிதான் புத்தகத்தில் வரும் நிணநீர் முடிச்சு. உடம்பில் பல நூறு முடிச்சுகள் இருக்கின்றன. அதில் பெரிய பங்கு கழுத்தில்தான். நம் மலை அடிவாரத்தில் சந்தனக்கட்டை கடத்துகிறவர்களைப் பிடிக்க வனத்துறை செக்போஸ்ட் வைத்திருக்கிறதே, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். வாய், பல், தொண்டை, தலை, இங்கிருந்து வடியும் நிணநீர் எல்லாம் கழுத்து செக்போஸ்ட் வழியாகத்தான் போக வேண்டும். கிருமி வந்தால் அங்கே மடக்குவார்கள், சண்டை நடக்கும், செக்போஸ்ட் வீங்கும். சண்டை முடிந்தால் வற்றும். சொத்தைப் பல், தொண்டைப் புண், சளி, தலையில் ஆறாத புண், குழந்தைகளுக்குப் பேன் கடித்த புண், எதனாலும் கழுத்தில் நெறி கட்டும்.

நம் நாட்டில் இன்னொரு பெரிய காரணம் காசநோய். டி.பி. என்றால் நெஞ்சில்தான் வரும் என்று நினைக்கிறோம். கழுத்து நெறியிலும் வரும். முன்னோர் கண்டமாலை என்று பெயர் வைத்தது பெரும்பாலும் இதற்குத்தான். மாத்திரையால் குணமாகும், அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம்.

ஆனால் வாய், தொண்டைப் புற்றுநோயின் அணுக்களும் உடம்பில் பரவக் கிளம்பினால் பெரும்பாலும் முதலில் மாட்டுவது இதே செக்போஸ்டில்தான். அதனால்தான் ஒரு தடவை அந்த நோய் வந்தவன் கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால், 'சளியால வந்த நெறி' என்று அவனாகவே தீர்ப்பு எழுதக் கூடாது. 'திரும்ப வந்துடுச்சு' என்றும் தீர்ப்பு எழுதக் கூடாது. இரண்டுமே அவன் வேலை இல்லை.

என் கழுத்தில் கட்டி எதுவும் தெரியாதபோதே 2022ல் எதற்காகக் கழுத்தைத் திறந்தீர்கள் என்று மருத்துவரை ஒரு தடவை கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்கு மறக்காது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் அனில் டி'க்ரூஸும் மற்றவர்களும் செய்த ஆராய்ச்சி அது. ஆரம்ப நிலை வாய்ப் புற்றுநோய்க்காரர்கள், கழுத்தில் கட்டி தெரியாதவர்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாயோடு கழுத்து நெறிகளையும் அப்போதே எடுத்தார்கள். மீதிப் பேருக்கு வாயில் மட்டும் அறுவை செய்து, கழுத்தில் நெறி கட்டினால் அப்போது எடுக்கலாம் என்று கவனித்துவந்தார்கள். முதல் 500 பேரின் முடிவை 2015ல் வெளியிட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து முதல் பிரிவில் 100க்கு 80 பேர் உயிரோடு இருந்தார்கள். இரண்டாவது பிரிவில் 67 அல்லது 68 பேர். உலகத்தில் பல நாட்டு மருத்துவர்களுக்கு வழிகாட்டியது நம் நாட்டில் செய்த இந்த ஆராய்ச்சி.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான். கழுத்து நெறி விஷயத்தில் காலம் முக்கியம். 'பெரிசானா பார்த்துக்கலாம்' என்பது நல்ல யோசனை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிகிச்சை எடுத்த கழுத்தில் கைக்குத் தட்டுப்படுவது எல்லாம் நெறியும் இல்லை. என்னைப் போல இரவில் தடவிக்கொண்டு கிடக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். தாடைக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது. அறுவையில் ஒரு பக்கத்துச் சுரப்பியை எடுத்திருந்தால், மறுபக்கத்துச் சுரப்பி மட்டும் தனியாகக் கைக்குத் தட்டும். தொண்டைக்கு மேலே குதிரைலாடம் மாதிரி ஓர் எலும்பு இருக்கிறது, உடம்பு இளைத்துவிட்டால் அதன் நுனி கட்டி மாதிரி தெரியும். தையல் போட்ட இடத்தில் தழும்பு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். தாடையின் கீழே தொளதொள என்று ஒரு வீக்கம் வரும். நிணநீர் வடிய வழியில்லாமல் தேங்குவதால் வருவது அது. காலையில் எழும்போது அதிகமாகவும் நடமாட நடமாடக் குறைவாகவும் இருக்கும். இது எனக்கு இப்போதும் இருக்கிறது. பேரன் 'தாத்தாவுக்கு பெலிகன் தாடை' என்கிறான்.

அப்படியானால் எதற்கு உடனே ஓட வேண்டும்? மருத்துவர் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன். புதிதாக வந்த கட்டி, இரண்டு வாரத்தில் வற்றாதது, வளர்ந்துகொண்டே போவது, கல் மாதிரி கெட்டியாக இருப்பது, அமுக்கினால் நகராமல் ஒட்டிக்கொண்டிருப்பது, இவை முக்கியம். வலி இல்லை என்பது நல்ல செய்தி இல்லை. நாம் வலித்தால்தான் நோய் என்று நினைக்கிறோம். கிருமியால் வீங்கும் நெறிதான் பெரும்பாலும் வலிக்கும். புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிப்பதே இல்லை. கட்டியோடு குரல் மாறினால், விழுங்க சிரமப்பட்டால், வாயில் புதுப் புண் வந்தால், ஒரு பக்கக் காது காரணமில்லாமல் வலித்தால், இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். இந்த நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுக்குள்தான் திரும்பும். அந்த இரண்டு ஆண்டு கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதற்குப் பின்னும் செக்கப்பை விடக் கூடாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். மருத்துவர் முதலில் ஸ்கேனோ ஊசியோ எடுக்கவில்லை. விரலால்தான் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக, வீணை வாசிக்கிற மாதிரி. பிறகு வாயைத் திறக்கச் சொல்லி நாக்கு, ஈறு, பல் எல்லாம் பார்த்தார். கடைவாய்ப் பல்லைத் தட்டியதும் நான் துள்ளினேன். கரண்ட் வைத்த வாயில் எச்சில் குறைவு, அதனால் பல் சீக்கிரம் சொத்தையாகும் என்றார். "இதுதான் காரணமாக இருக்கலாம். ஆனா இருக்கலாம்ங்கிறது போதாது" என்று கழுத்துக்கு ஸ்கேனும், ஸ்கேனில் பார்த்தபடி ஊசிச் சோதனையும் எழுதினார்.

இந்த ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஊசி குத்தினால் பரவிடும், கத்தி பட்டால் பரவிடும்' என்று நம் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர் அதற்காகவே எழுந்து போகப் பார்த்தார். மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் அணுவை உறிஞ்சி எடுத்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் புற்றுநோய் பரவுவது மிக மிக அபூர்வம். ஊசி போட்ட பிறகு நோய் முற்றியவர்கள், ஊசியால் முற்றியவர்கள் இல்லை. பெரும்பாலும் தாமதமாக வந்தவர்கள்.

ஆறு நாள் கழித்து முடிவு வந்தது. புற்றணு எதுவும் தெரியவில்லை. கிருமியால் வீங்கிய நெறி என்று எழுதியிருந்தது. பல்லுக்கு அங்கேயே, கரண்ட் வைத்ததைக் கணக்கில் வைத்து வைத்தியம் செய்தார்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். அப்போது புளியங்கொட்டை மிளகு அளவுக்கு வற்றியிருந்தது. "அடுத்த மாசமும் வாங்க" என்றார் மருத்துவர். நல்ல முடிவு வந்துவிட்டதே, எதற்கு என்று கேட்டேன். "ஊசி சில சமயம் தப்பா குத்தும் சார். கட்டி முழுசா போற வரைக்கும் நாங்க விடமாட்டோம்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

இதைப் படித்துவிட்டு 'சார் தப்பிச்சிட்டார், ஒன்னும் இல்லாததுக்கு பயந்துட்டார்' என்று நினைத்தால் நான் எழுதியது வீண். ஏனென்றால் இன்னொருவரைப் பற்றியும் நான் சொல்ல வேண்டும்.

எனக்குக் கரண்ட் வைத்த அதே வாரங்களில் நம் மலைக்காரர் ஒருவரும் வந்துகொண்டிருந்தார். ஊர், பெயர் வேண்டாம். குடகு காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். மரத்தடியில் ஒன்றாக உட்கார்ந்து கஞ்சி குடித்திருக்கிறோம். அவருக்கும் கழுத்தில் நெறி கட்டியது. அவரும் ஒளித்தார். நான் பதினொரு நாள், அவர் ஐந்து மாதம். பச்சிலை அரைத்துப் பற்று போட்டார். ஒத்தடம் கொடுத்தார். மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையால் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்ததாம், அதோடு ஒரு மாதம் போனது. கடைசியில் கட்டி உடைந்த பிறகுதான் கீழே இறங்கினார். அறுவை செய்ய முடியாத நிலைமை என்று சொல்லிவிட்டார்கள். போன ஆடியில் காரியம் முடிந்தது.

பச்சிலையை நான் கேலி செய்யவில்லை. இந்த மலையில் பிறந்தவன் அப்படிச் செய்ய மாட்டான். எந்தக் காயத்துக்கு எந்த இலை என்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது என்ன என்று தெரியாமல் மேலே பற்றுப் போடுவதும், எண்ணெய் போட்டு உருவுவதும், சூடு வைப்பதும் நாளைத் தின்றுவிடும். அவர் ஏன் வரவில்லை என்று அவர் மனைவியைக் கேட்டேன். "போவ வர ஒரு நாள் சார். ரெண்டு பேர் கூலி போயிடும். போனா ஒன்னும் இல்லைன்னு அனுப்பிடுவாங்கன்னு நெனச்சாரு" என்றது அந்த அம்மா.

அந்தப் பதிலைக் கேட்ட பிறகு அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. நான் ஒளித்ததற்கு என் பயம் மட்டும்தான் காரணம். அவருக்குப் பயமும் இருந்தது, கூலியும் இருந்தது, மலையும் இருந்தது.

ஆகவே என் கருத்தைச் சொல்கிறேன். ஏற்றுக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

முதலாவது, நோய் வந்து தேறியவர்களுக்கு. பயம் வருவது தப்பில்லை, அது போகவும் போகாது. ஆனால் பயத்துக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். நான் இப்போது ஞாயிற்றுக்கிழமை குளிக்கும்போது ஒரு தடவை மட்டும் கழுத்தைத் தடவிப் பார்க்கிறேன். மற்ற நாளில் கை போனால் இழுத்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அமுக்கினால் நல்ல நெறிகூட வீங்கும். புதிதாக ஏதாவது தட்டுப்பட்டால் நாட்காட்டியில் தேதியைக் குறித்து, அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். சிகிச்சை எடுத்த இடத்துக்குப் போன் செய்து கேளுங்கள். போனில் முடியாவிட்டால் நேரில் போங்கள். அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. போனால் 'ஒன்றும் இல்லை' என்று அனுப்பிவிடுவார்கள் என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. அந்த வார்த்தையைக் கேட்கத்தான் போகிறோம். கழுத்தில் கரண்ட் வைத்தவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது தைராய்டு சோதனையையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் குறைந்துபோவது உண்டு.

இரண்டாவது, உறவினர்களுக்கு. ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்லும்போது 'அதெல்லாம் ஒன்னும் இருக்காது' என்று வாயை அடைக்காதீர்கள். 'ஐயோ' என்று தலையில் அடித்துக்கொள்ளவும் வேண்டாம். என் மாணவி கேட்ட ஒரே கேள்வியைக் கேளுங்கள். எத்தனை நாளாக இருக்கிறது? அடுத்ததாக, எப்போது போகலாம், நான் கூட வருகிறேன் என்று சொல்லுங்கள். ஆறுதலில் பெரிய ஆறுதல் கூட வருவதுதான்.

மூன்றாவது, அரசாங்கத்துக்கு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தால் இன்றைக்கு ஏழைக்கும் புற்றுநோய் அறுவை நடக்கிறது. நன்றியோடு சொல்கிறேன். ஆனால் சிகிச்சை முடிந்து மலை ஏறிய பிறகு அந்த ஆள் என்ன ஆனான் என்று கேட்க ஆள் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கே ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் போதும். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவும், கழுத்தைத் தொட்டுப் பார்க்கவும், சந்தேகம் இருந்தால் பெரிய மருத்துவமனைக்குப் படம் அனுப்பிக் கேட்கவும் அவர்களால் முடியும். இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். விரல் போதும். ஜமுனாமரத்தூரிலேயே மாதம் ஒரு நாள் இப்படி ஒரு செக்கப் நடந்தால், ஐந்து மாதம் ஒளித்தவர் ஐந்தாம் வாரமே காட்டியிருப்பார். காட்டியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அதைச் சொல்ல முடியும்.

அண்ணா இறந்தபோது எனக்குப் பத்து வயது. 1969 பிப்ரவரி 3. வானொலிப் பெட்டியைச் சுற்றிப் பெரியவர்கள் அழுதது நினைவிருக்கிறது. உணவுக்குழாயில் புற்றுநோய், அமெரிக்கா வரை போய் வைத்தியம் செய்தும் காப்பாற்ற முடியவில்லை என்றார்கள். நாட்டை ஆண்டவருக்கே இல்லையா என்று அன்றைக்கு மனதில் பதிந்ததுதான் நம் தலைமுறையின் பயம். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அவர் பெயரிலேயே இன்று அரசு புற்றுநோய் மருத்துவமனை நடக்கிறது. அங்கிருந்தும் அடையாறிலிருந்தும் வேலூரிலிருந்தும் மக்கள் பிழைத்து வீடு திரும்புகிறார்கள். காலம் மாறிவிட்டது. பயம்தான் 1969லேயே நிற்கிறது.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு இந்த நோய் வானத்திலிருந்து விழவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் வெற்றிலையோடு புகையிலை போட்டவன் நான். சாப்பாட்டு மணிக்குப் பிறகு உங்களில் எத்தனை பேரைப் பெட்டிக்கடைக்கு அனுப்பி வெற்றிலை, பாக்கு, புகையிலை வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். மீதிச் சில்லறையில் மிட்டாய் வாங்கிக்கொள் என்று தாராளமாகச் சொல்வேன். அது நினைவுக்கு வரும்போதெல்லாம் கூசுகிறது. எட்டு வயதுப் பிள்ளையின் உள்ளங்கையில் புகையிலைப் பொட்டலத்தை வைத்தவன் வாத்தியார். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று வாயில் பொட்டலம் வைத்திருப்பதைப் பார்க்கிறேன். 2013லேயே தடை செய்த சரக்கு, கேட்டால் கிடைக்கிறது. என்னைப் பார்த்ததும் மறைத்துக்கொள்கிறீர்கள். மறைக்க வேண்டியது என்னிடம் இல்லை. மன்னித்துவிடுங்கள் என்று கேட்கும் தகுதிகூட எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. கேட்கிறேன். விட்டுவிடுங்கள் என்றும் கேட்கிறேன். வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாய் முழுசாகத் திறக்க முடியாமை, இதில் ஏதாவது இருந்தால் தேன் தடவிக்கொண்டு உட்காராதீர்கள். நான் தடவிப் பார்த்துவிட்டேன்.

அடுத்த செக்கப் வரும் மாதம். முன்பு போலப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். போகிற நாளுக்கு முந்தின இரவு தூக்கம் வராது. முடிவு ஒரு நாள் வேறு மாதிரியும் வரலாம். வந்தால் அன்றைக்கும் இந்தக் குழுவில்தான் முதலில் சொல்வேன். இனி பதினொரு நாள் ஒளிக்க மாட்டேன்.

நர்சம்மா, இதைப் படிப்பாய் என்று தெரியும். பெஞ்சு மேல் ஏற்றியதற்கு நாம் சரிக்குச் சரி.

உங்கள் வீட்டில், தெருவில், வேலை செய்கிற இடத்தில் இந்த நோயிலிருந்து தேறி வந்தவர் யாராவது இருந்தால் அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். அதற்குத்தான் எழுத்து சொல்லிக்கொடுத்தேன்.

அன்புடன்,
உங்கள் சார்
ஜவ்வாதுமலை